துறைக்குள் பூசல்: வெளியே தெரியாமல் யாரிடம் பேசலாம்?

காவிரிப் படுகையின் பல்கலைக்கழகங்களில் பணிபுரிவோரும் படிப்போரும் அனுப்பிய கேள்விகளுக்கு, பதிவாளர் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் பதிலளிக்கிறார்.

உதவிப் பேராசிரியர், தஞ்சாவூர்: துறைத்தலைவர் என்னைத் தொடர்ந்து ஒதுக்குகிறார். புகாராக எழுத மனமில்லை, ஐயா. வெறுமனே ஒருவரிடம் பேச வழியுண்டா?

உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்கென்றே குறைதீர்ப்பாளர் (ஆம்பட்ஸ்மன்) என்ற பெயரில் தனி அலுவலகம் வைக்கும் வழக்கம் 1960களில் தொடங்கியது. அங்கிருப்பவர் எப்பக்கமும் சாயாமல் கேட்பார். உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தாலொழிய, கேட்டதை நிர்வாகத்திடம் சொல்லமாட்டார். நம் பக்கத்தில் பணியாளர்களுக்கு அத்தகைய அலுவலகம் அரிது என்பதால், அந்தப் பண்புகள் உள்ள ஒருவரை நீங்களே தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் பதவி உயர்விலோ விடுப்பிலோ பணிப்பங்கீட்டிலோ தொடர்பில்லாத, வேறு துறையின் மூத்த பேராசிரியர் பொருத்தமானவர். விவரத்தைச் சொல்லும் முன்பே, "இதை மேலிடத்துக்குத் தெரிவிக்கும் கடமை தங்களுக்கு இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள், அந்தக் கேள்விக்குத் தயங்குபவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மயிலாடுதுறையிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் உடன் பணிபுரிவோர் ஒரே ரயிலில் வந்துபோகும் ஊர் நம்முடையது. ஆகவே பயணத்தில் மட்டும் இதைப் பேச வேண்டாம்.

ஆய்வு மாணவி, திருவாரூர்: நெறியாளருடன் பிணக்கு. குறைதீர்ப்பாளரிடம் இரகசியமாகப் பேசலாமா?

பெயரை வைத்து அப்படி எண்ணுவது இயல்பே. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்லும் குறைதீர்ப்பாளர், மாணவர்களின் மேல்முறையீட்டைக் கேட்பவர். முதலில் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுத வேண்டும். அதன் முடிவில் நிறைவில்லையென்றால் 15 நாட்களுக்குள் அவரிடம் முறையிடலாம். இது முறையான புகார் வழி. கமுக்கமான ஆலோசனைக்கு ஆய்வுக்குழு உறுப்பினர்களுள் நீங்கள் நம்பும் ஒருவரை நாடுவதே நல்லது.

அலுவலக உதவியாளர், கும்பகோணம்: நடப்பதைக் குறித்து வைக்கலாமா?

கட்டாயம் வையுங்கள். நாள், இடம், உடனிருந்தவர், சொல்லப்பட்ட சொற்கள் ஆகியவை போதும். அலுவலகக் கணினியில் வேண்டாம். வீட்டில் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

கௌரவ விரிவுரையாளர், மன்னார்குடி: மூத்தவர் ஒருவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இது புகார் கொடுத்ததாகக் கொள்ளப்படுமா, ஐயா?

கொள்ளப்படாது, அம்மா. பலருக்கு இது தெரியாமல் காலம் கடந்துவிடுவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. தனிப்பட்ட பேச்சு மனத்தைத் தெளிவாக்கும், சில வேளை சமரசமும் கூடும். ஆனால் நிர்வாகத்துக்குத் தகவல் தந்ததாகச் சட்டத்தின் முன் நிற்காது. குறிப்பாக, நடந்தது பாலியல் துன்புறுத்தல் என்றால், பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, உங்கள் நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவுக்கு 3 மாதங்களுக்குள் எழுத்தில் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதங்கள் வரை நீட்டிக்கலாம். புகார் தருபவரின் பெயரை வெளியிடுவதையும் அச்சட்டம் தடைசெய்கிறது. ஒப்பந்தப் பணி என்பதால் உங்களுக்கு அந்த உரிமை குறையாது. நிகழ்ச்சி நடந்த நாளை இன்றே கணக்கிட்டுப் பாருங்கள். கெடு நெருங்கியிருந்தால், அந்த மூத்தவரின் பதிலுக்குக் காத்திராமல் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள்.