இஸ்கர் ஆறு: கேள்வி பதில்

பல்கேரியாவின் மிக நீளமான ஆறு இஸ்கரா, மாரித்சாவா?

எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாட்டுக்குள்ளேயே பிறந்து நாட்டை விட்டு வெளியேறாமல் முடியும் ஆறுகளில் 368 கி.மீ. நீளமுள்ள இஸ்கர்தான் முதல். மாரித்சா மொத்தத்தில் நீளம் அதிகம், ஆனால் அதன் கீழ்ப்பகுதி கிரீஸ், துருக்கிப் பக்கம் போய்விடுகிறது. இரண்டுமே ரிலா மலையில்தான் பிறக்கின்றன; மாரித்சா பிறப்பது 2,925 மீட்டர் உயர முசாலா சிகரத்துக்கு அருகே. மாரித்சாவின் நீர் ஏஜியன் கடலுக்கும், இஸ்கரின் நீர் டான்யூப் வழியே கருங்கடலுக்கும் போகிறது.

குறுக்கே பால்கன் மலை நிற்கிறதே, அதை எப்படித் தாண்டியது?

இந்த ஆற்றின் சுவாரசியமே இதுதான். பால்கன் மலைத்தொடரை முழுவதுமாக ஊடறுத்துப் போகும் ஒரே ஆறு இஸ்கர். இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, ஆறு முதலிலேயே ஓடிக்கொண்டிருந்தது. நிலம் மெல்ல உயர உயர, அதே வேகத்தில் ஆறும் அறுத்துக்கொண்டே வந்தது. மற்றது, வடசரிவில் ஓடிய ஓர் ஓடை தன் தலைப்பக்கத்தைப் பின்னோக்கி அரித்து வந்து, ஒரு காலத்தில் ஏரியாக இருந்த, தலைநகர் சோஃபியா அமைந்துள்ள சமவெளியின் நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. செரெபிஷ் அருகே ஆறு பாம்புபோல வளைந்து வளைந்து பாறைக்குள் இறங்கியிருக்கிறது. சமதளத்தில் போட்ட வளைவை அப்படியே ஆழமாக்கினால்தான் இப்படி வரும் என்பதால், என் ஓட்டு முதல் விளக்கத்துக்கு.

பள்ளத்தாக்கின் அகலம் பாறைக்குப் பாறை மாறும். லகாட்னிக்கில் சுண்ணாம்புப் பாறை செங்குத்துச் சுவராக நிற்கிறது. லியூட்டிப்ரோடில் பாறை அடுக்குகளே நிமிர்ந்து வரிசையாக நிற்கின்றன. ஊரார் அவற்றை 'ரித்லிதே' என்கிறார்கள், வண்டியின் பக்கத் தட்டி என்று பொருள்.

ரயிலில் போனால் எங்கே இறங்குவது?

சோஃபியா–மெஸ்த்ரா பாதை பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகிறது. விரைவு ரயில்கள் சிறு நிலையங்களில் நிற்காது, பாசஞ்சர் ரயிலைப் பிடியுங்கள். பலர் ஏமாறுவது பெயரில்தான். 'கரா லகாட்னிக்' என்பது ஆற்றோரம் உள்ள ரயில்நிலையக் குடியிருப்பு ('கரா' என்றால் நிலையம்). லகாட்னிக் கிராமம் மலைமேல் தனியாக இருக்கிறது. போவ் ஊரிலும் இதே கதை. கரா போவிலிருந்து ஸ்காக்லியா அருவிக்கு நடைபாதை உண்டு. வறண்ட கோடையில் அருவி நூலாக மெலிந்துவிடும், மழைக்குப் பின் போனால்தான் பார்க்க லாயக்கு.

சோஃபியா இஸ்கர் கரையில்தானே இருக்கிறது?

நகர மையத்தில் நீங்கள் பார்க்கும் கால்வாய் பெர்லோவ்ஸ்கா. இஸ்கர் கிழக்கே ஒதுங்கிப் போகிறது. ஆனால் நகரம் குடிப்பது இஸ்கரின் நீரைத்தான். 1950களில் கட்டிய இஸ்கர் அணையின் கொள்ளளவு சுமார் 67 கோடி கன மீட்டர், ஏறத்தாழ 24 டி.எம்.சி. மேலே பெலி இஸ்கர் அணையும் நகருக்கு நீர் தருகிறது. இவ்வளவு இருந்தும் 1994–95ல் சோஃபியாவில் முறைவைத்துத் தண்ணீர் விட வேண்டியதாயிற்று. வறட்சியை மட்டும் குறைசொல்வது சரியல்ல. குழாய்க் கசிவுக்கும் அணை நீரைக் கையாண்ட விதத்துக்கும் அதில் பங்குண்டு.

ரோமானியர் காலத்துத் தடயம் ஏதாவது?

இஸ்கர் டான்யூபில் கலக்கும் இடத்துக்கு அருகே, கிகென் கிராமத்தில் ஒஸ்கஸ் நகர இடிபாடுகள் இருக்கின்றன. ஆற்றின் பழம்பெயரும் அதுவே. ஒஸ்கஸிலிருந்து டான்யூபின் எதிர்க்கரையிலுள்ள சுசிடாவாவுக்கு, கி.பி. 328ல் கான்ஸ்டன்டைன் பேரரசர் 2.4 கி.மீ. நீளப் பாலம் போட்டார். கல் தூண்கள், மேலே மரத்தளம்.