செல் சுவாசம் முழுவதும் மைட்டோகாண்ட்ரியாவில்தான் நடக்கிறதா?

கேள்வி: பிளஸ் 1 படிக்கும் என் மகளுக்காக முகவர் ஒருவரிடம் வாங்கிய நீட் கையேட்டில், செல் சுவாசம் முழுவதும் மைட்டோகாண்ட்ரியாவில் நடப்பதாக உள்ளது. பாடநூலோ முதல் கட்டம் சைட்டோபிளாசத்தில் நடப்பதாகச் சொல்கிறது. எதைப் படிக்கச் சொல்வது?

பதில்: பாடநூலைப் படிக்கச் சொல்லுங்கள். தாவர, விலங்கு செல்களில், குளுக்கோஸ் உடைந்து இரண்டு பைருவிக் அமில மூலக்கூறுகளாகும் கிளைக்காலிசிஸ், மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே சைட்டோபிளாசத்திலேயே முடிந்துவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவே இல்லாத முதிர்ந்த இரத்தச் சிவப்பணு, இந்த ஒரு கட்டத்தைக் கொண்டுதான் தனக்கு வேண்டிய ஏடிபியை (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) தயாரித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் கிடைக்கும்போது பைருவிக் அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து, அதன் உட்சவ்வுக்குள் இருக்கும் உட்கூழ்மத்தில் (மேட்ரிக்ஸ்) அசெட்டைல் கோஏ ஆகி, அங்கேயே கிரப்ஸ் சுழற்சி என்னும் தொடர்வினைகளில் சேர்கிறது. இறுதியாக வரும் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி, கிரிஸ்டே எனப்படும் மடிப்புகளைக் கொண்ட உட்சவ்வில் அமைந்துள்ளது. ஏடிபியின் பெரும்பகுதி உருவாவது இங்கேதான்.

ஒரு விதிவிலக்கை மட்டும் உங்கள் மகள் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கிரப்ஸ் சுழற்சியின் மற்ற நொதிகள் உட்கூழ்மத்தில் இருக்க, சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் மட்டும் உட்சவ்வில் பதிந்திருக்கிறது. சக்சினேட்டிலிருந்து எடுக்கும் எலக்ட்ரான்களை அதே சவ்விலுள்ள எலக்ட்ரான் கடத்தியான யுபிகுவினோனிடம் சேர்க்க வேண்டியிருப்பதால், அந்த நொதி சுழற்சியின் உறுப்பாகவும் கடத்துச் சங்கிலியின் இரண்டாம் கூட்டமைப்பாகவும் ஒருசேரப் பணியாற்றுகிறது. ஆயினும் சக்சினேட்டைப் பற்றும் அதன் பகுதி உட்கூழ்மத்தை நோக்கியே இருக்கிறது. ஆகவே, கிரப்ஸ் சுழற்சி நடக்கும் இடம் எது என்று கேட்டால் உட்கூழ்மம் என்று எழுதலாம். சுழற்சியின் நொதிகள் அனைத்தும் உட்கூழ்மத்தில் உள்ளன என்ற கூற்றைக் கொடுத்தால், தவறு என்றே குறிக்க வேண்டும். நுழைவுத் தேர்வுகள் விரும்பிக் கேட்கும் இந்த நுணுக்கத்தைத்தான் ஒற்றை வரிச் சுருக்கங்கள் முதலில் வெட்டி எறிகின்றன.

பாடத்தைச் சுருக்கி அச்சடித்துப் பெற்றோரின் அச்சத்தை விலையாக்கும் முகவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. ‘செல்லின் ஆற்றல் நிலையம் மைட்டோகாண்ட்ரியா’ என்ற ஒரு மதிப்பெண் விடையை ஆண்டுக்கணக்கில் ஒப்பிக்க வைத்துவிட்டு, திடீரென நுட்பமான கூற்று–காரண வினாக்களை நீட்டும் நம் தேர்வு முறைதான் இவர்களுக்குச் சந்தையை உருவாக்கித் தருகிறது. மாநிலப் பாடநூலும் என்சிஇஆர்டி நூலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கையேட்டை மூடிவைத்துவிட்டு, மைட்டோகாண்ட்ரியாவின் படத்தை உங்கள் மகளையே வரையச் சொல்லி, ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும் அது நடக்கும் இடத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கிளைக்காலிசிஸ் படத்துக்கு வெளியே வர வேண்டும், சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் உட்சவ்வின் மேல் வர வேண்டும்.