டிலீட் கொடுத்தால் எல்லாம் போய்விடுமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் ஒரு தனியார் கிளினிக்கின் இணையதளத்தில், நோயாளிகள் கேட்கும் கேள்விக்கு ஏஐ பதில் சொல்கிற சாட் ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். பின்னால் ஓடுவது, சாட்ஜிபிடி செய்யும் ஓபன்ஏஐ கம்பனியின் ரெஸ்பான்சஸ் ஏபிஐ (நம் டூல் அவர்களிடம் கேள்வி அனுப்பிப் பதில் வாங்கும் வழி). அங்கே சேமிக்கப்பட்ட பதில்களை ஐடி (ஒவ்வொரு பதிலுக்கும் உள்ள அடையாளக் குறி) கொடுத்து அழிக்க ஒரு சின்ன டூலும் எழுதினேன். இப்போது அதற்கு விளக்கக் குறிப்பு கேட்கிறார்கள். "ஐடியைப் போடுங்கள், எண்டர் தட்டுங்கள், பதில் அழிந்துவிடும்" என்று எழுதிவிட்டேன். இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது?
- வாசகர், மட்டக்களப்பு

பதில்: நிறைய இருக்கிறது தம்பி. ஐடியும் எண்டரும் சரி, "அழிந்துவிடும்" என்று முடித்ததுதான் பிரச்சினை. உங்கள் டூல் ஓபன்ஏஐயின் சேவருக்கு ஒரு டிலீட் கோரிக்கை அனுப்புகிறது, அங்கே அந்த ஐடிக்குரிய பதில் நீங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் கவுன்டரில் இருக்கிற பிள்ளை உங்கள் குறிப்பை வாசித்துவிட்டு, வந்து நிற்கிற ஒருவரிடம் "உங்கட விசயம் எல்லாம் அழிச்சாச்சு அக்கா" என்று நம்பிச் சொல்லும். நம்முடைய ஊர்களில் யார் யாருடைய மகள் என்பது எல்லோருக்கும் தெரியும். கர்ப்பம், மனநலம், மாத்திரை என்று அந்த அக்கா தட்டி அனுப்பியது எங்காவது மிச்சம் இருந்து வெளியே வந்தால் அவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரெஸ்பான்சஸ் ஏபிஐ, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், ஒவ்வொரு பதிலையும் 30 நாள் வைத்திருக்கும். வேண்டாமென்றால் கோரிக்கை அனுப்பும்போதே 'ஸ்டோர்' (சேமி) என்பதை 'ஃபால்ஸ்' (இல்லை) ஆக்க வேண்டும், இதைக் குறிப்பின் தலையிலேயே எழுதுங்கள். துஷ்பிரயோகத்தைக் கண்காணிக்க அந்தக் கம்பனி தனியாக வைக்கும் பதிவுகளும் உண்டு, வழக்கமாக 30 நாள் வரைக்கும்; உங்கள் டூல் அவற்றைத் தொடாது. அப்புறம், ஒருவர் நான்கு கேள்வி கேட்டிருந்தால் நான்கு ஐடி. ஒன்றை அழித்தால் மற்ற மூன்றும் அப்படியே இருக்கும், முதல் கேள்வியில் சொன்ன விசயம் கடைசிப் பதிலிலும் வந்திருக்கலாம்.

இனி உங்கள் பக்கம். ஐடிகளை, ஒருவேளை கேள்வி பதிலையும், எங்கேயோ சேமித்திருப்பீர்கள், சின்ன வேலை என்பதால் அநேகமாக எஸ்கியூலைட் என்ற ஒற்றைக் கோப்பு டேட்டாபேஸில். அதில் ஒரு பதிவை டிலீட் செய்தால் அந்த இடம் காலி என்று குறிக்கப்படுமே தவிர எழுத்து கோப்புக்குள்ளேயே கிடக்கும், அதன்மேல் வேறு தரவு எழுதப்படும் வரை விசயம் தெரிந்தவர் எடுத்து வாசிக்கலாம். 'வாக்யூம்' கட்டளை கொடுத்தால்தான் கோப்பு புதிதாகக் கட்டப்படும், இல்லாவிட்டால் 'செக்யூர் டிலீட்' (அழிக்கும்போதே மேலெழுதும்) அமைப்பை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். பேக்கப் எடுத்து வைத்திருந்தால் அதற்குள்ளும் அந்தப் பதிவு அப்படியே இருக்கும்.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். முதலில் ஓபன்ஏஐ சேவரில் அழித்து, 'டிலீட்டட்: ட்ரூ' (அழிந்தது) என்று பதில் வந்ததைப் பார்த்த பிறகுதான் உங்கள் டேட்டாபேஸில் கை வைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஐடியும் சேர்ந்து போய்விடும், ஐடி இல்லாமல் உங்கள் டூலால் அங்கே எதையும் தேட முடியாது. 404 (கேட்டது இல்லை என்னும் பிழைச் செய்தி) வந்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும். ஏற்கெனவே அழிந்திருந்தாலும் 404 வரும், ஐடியில் ஓர் எழுத்துத் தவறினாலும் 404 வரும். அதைப் பார்த்துவிட்டு "ஆ, போய்விட்டது" என்று யாரும் எழும்பிப் போகக் கூடாது.

நானாக இருந்தால் இப்படித் தொடங்குவேன்: "இந்த டூல் ஓபன்ஏஐ சேவரில் உள்ள ஒரு பதிலை மட்டும் அழிக்கும். நமது டேட்டாபேஸ், பேக்கப், ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை அழிக்காது. அழித்ததை மீட்க முடியாது. எல்லாம் முடியும் வரை நோயாளியிடம் 'அழித்துவிட்டோம்' என்று சொல்ல வேண்டாம்." இதைத் தமிழிலேயே கொடுங்கள், வாசிக்கப்போவது கவுன்டரில் இருக்கிற பிள்ளை. கிளினிக் நிர்வாகம் இவ்வளவும் எதற்கு என்று கேட்டால் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுங்கள். உடல்நலத் தகவலை அது விசேட வகையாக வைத்திருக்கிறது, தன் தரவை அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையும் அதில் இருக்கிறது.

கேள்வி: சாட்ஜிபிடியில் மாணவர்களைப் பற்றி ஏதேதோ கேட்டு வைத்திருக்கிறேன். டிலீட் செய்தால் உடனே போய்விடுமா?
- ஆசிரியை, அக்கரைப்பற்று

பதில்: பட்டியலில் இருந்து உடனே மறையும் டீச்சர். கம்பனியின் சேவரில் இருந்து நீங்க 30 நாள் வரை எடுக்கும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு, சட்டத் தேவையோ பாதுகாப்புக் காரணமோ இருந்தால் அதற்கு மேலும் வைப்பார்கள். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஓபன்ஏஐ மீது தொடுத்த வழக்கில் 2025 இல் நீதிமன்றம் உத்தரவிட்டதால் அழித்த உரையாடல்களையும் சில மாதங்கள் வைத்திருக்க வேண்டி வந்தது. 'ஆர்க்கைவ்' கொடுத்தால் அது ஒதுக்கி வைப்பது மட்டும்தான், அழிக்காது.

இன்னொன்று, 'மெமரி' தனியாக இருக்கிறது. உரையாடலை அழித்தாலும் அதில் இருந்து சாட்ஜிபிடி நினைவில் வைத்தது அங்கேயே இருக்கும், ஆகவே செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன் பகுதிக்குப் போய், சேமித்த நினைவுகளில் பிள்ளைகளின் பெயர் எதுவும் இருந்தால் அதையும் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.