இரட்டையரில் மகன் மட்டும் பேசவில்லை: பயிற்சிக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள். 34 வாரத்தில் பிறந்தார்கள். இப்போது 22 மாதம். மகள் இருபது சொற்களுக்கு மேல் பேசுகிறாள். மகனுக்கு ஐந்தாறு சொற்கள்தான். மற்றதற்கெல்லாம் விரலை நீட்டுகிறான். இருவரும் தங்களுக்குள் எங்களுக்குப் புரியாத ஏதோ மொழியில் பேசிக்கொள்கிறார்கள். வீட்டில் சௌராஷ்டிரம், வெளியே தமிழ். அருகிலுள்ள ஒரு பயிற்சி மையத்தில் “சௌராஷ்டிரத்தை நிறுத்துங்கள், இருவருக்கும் ஆறு மாதக் கட்டணத்தை இப்போதே கட்டினால் சலுகை உண்டு” என்கிறார்கள். கட்டலாமா? (வாசகி, மகால் பகுதி, மதுரை)

பதில்: கட்டாதீர்கள். முதலில் மகனின் காதைப் பரிசோதியுங்கள்.

“கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்புகிறானே” என்பீர்கள். அது போதாது. கனத்த சத்தம் கேட்கும். ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் நழுவிப்போகும் குழந்தைகள் உண்டு. பிறந்தபோது எடுத்த பரிசோதனை சரியாக இருந்தாலும், பிறகு சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்தால் கேட்கும் திறன் குறையலாம். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை என்றால் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. ‘பெரா’ என்னும் பரிசோதனையில் குழந்தை தூங்கும்போதே ஒலிக்கு நரம்பும் மூளையும் எப்படி இயங்குகின்றன என்று அளந்துவிடுவார்கள். வலி இல்லை. காதைப் பார்க்காமலே பேச்சுப் பயிற்சிக்குப் பணம் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இனி வயதுக் கணக்கு. இதைப் பெற்றோர் மட்டுமல்ல, படிவம் நிரப்புபவர்களும் தவறவிடுகிறார்கள். 40 வாரத்தில் பிறக்க வேண்டியவர்கள் 34இல் பிறந்தார்கள். ஆறு வாரம் முன்னதாக. ஆகவே வளர்ச்சியை அளக்கும்போது உங்கள் பிள்ளைகளுக்கு வயது 22 மாதமல்ல, சுமார் இருபதரை மாதம். இரண்டு வயது வரை இப்படித்தான் கழிக்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது. அது பிறந்த தேதிப்படிதான். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்துபோனால், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டால், கைகாட்டுவதே இல்லையென்றால் எந்தக் கழித்தலும் பொருந்தாது, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் மகன் விரல் நீட்டிக் கேட்கிறான் என்பது நல்ல அறிகுறி. இருபதரை மாதத்தில் ஐந்தாறு சொற்கள் என்பது குறைவுதான். ஆனால் பதறும் நிலை அல்ல. இரட்டையர் சில மாதம் பிந்திப் பேசுவது பரவலாகக் காணப்படுவதே. அவர்களுக்குள் பேசும் மொழிக்கும் பயப்பட வேண்டாம். ஒருவர் உளறலை மற்றவர் பிடித்துக்கொள்வது அது. பேச்சு வளர வளரத் தானாகக் கரையும்.

சௌராஷ்டிரத்தை நிறுத்தச் சொன்னவர்மீதுதான் எனக்குக் கோபம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் குழந்தை ஊமையாகிவிடாது. நம் மதுரையில் எத்தனை தலைமுறை அப்படி வளர்ந்து நன்றாகப் பேசுகிறது! பாட்டி தன் சொந்த மொழியில் பேசுவதுபோல் அரைகுறைத் தமிழில் பேச முடியுமா? சொற்களை எண்ணும்போது இரு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். மகனின் கணக்கு கூடும்.

வீட்டில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். மகள் “தண்ணி” என்கிறாள்; பாட்டி இரண்டு டம்ளரிலும் ஊற்றிவிடுகிறார். மகனுக்கு வாய் திறக்க என்ன அவசியம்? தினமும் கொஞ்ச நேரம் மகளை அப்பாவோடு வெளியே அனுப்பிவிட்டு, மகனை மட்டும் எதிரில் உட்காரவையுங்கள். குளிப்பாட்டும்போது சொம்பைத் தூக்கிப் பிடித்து “ஊத்தவா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை பேசாமல் அவன் முகத்தைப் பாருங்கள். “ஊ” என்றாலும் போதும், ஊற்றுங்கள். “சொல்லு, சொல்லு” என்று வற்புறுத்த வேண்டாம். செல்போனில் பாட்டுப் போட்டுக் கொடுப்பதை நிறுத்துங்கள்; இரண்டு வயதுக்குள் அது வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. வசம்பு தேய்ப்பது, நாக்கின் அடியிலுள்ள சவ்வை வெட்டுவது எதுவும் சொற்களைக் கூட்டாது.

மையங்களுக்கு வருகிறேன். பேச்சுப் பயிற்சி அளிப்பவர் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் வேறிடம் பாருங்கள். குழந்தையைப் பார்க்கும் முன்பே ஆறு மாதம் என்று எப்படித் தெரிந்தது? இருவருக்கும் ஒரே பயிற்சி என்பதும் வியாபாரமே. பேசும் மகளுக்கு எதற்குக் கட்டணம்? மருத்துவமனை வாசலில் நின்று காது மெஷின் வாங்கித் தருகிறேன், மாற்றுத்திறனாளி அட்டை எடுத்துத் தருகிறேன் என்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த அட்டைக்குக் கட்டணமே இல்லை.

2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இதற்காகவே இருக்கின்றன, சேவை இலவசம். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் மருத்துவக் குழுவிடமும் பரிந்துரைச் சீட்டு கேட்கலாம். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் விசாரியுங்கள். இவ்வளவு இருந்தும் தாய்மாருக்குத் தெரியாமல் போவதேன்? பிரசவித்து வீட்டுக்கு அனுப்பும்போதே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால், இந்தத் தரகர்கள் எங்கே பிழைப்பார்கள்?

கழித்த கணக்கில் 24 மாதம் ஆகும்போதும் “அம்மா வா” போல இரண்டு சொற்களைச் சேர்க்கவில்லையென்றால், காது நன்றாக இருந்தாலும் பயிற்சி தொடங்குங்கள். காது பரிசோதனைக்கு மகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவளும் 34 வாரத்தில் பிறந்தவள்தான்.