அறைக்குள் ஒரு நீராவி ரயில் – கடிதம்

அன்புள்ள சார்,

மலை ரயில்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்குச் சேர்ந்தபோது மீட்டர் கேஜில் நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது வீட்டு மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, 11க்கு 12 அடி. அதில் நிஜமாகவே நீராவியில் ஓடுகிற சின்ன எஞ்சினை வைத்து ஒரு பாதை போட ஆசை. இங்கிலாந்தில் இருக்கும் மகன் வாங்கிவருகிறேன் என்கிறான். ஆனால் “கரண்டில் ஓடுவதே போதுமே, புகையும் சத்தமும் அதிலேயே வருகிறது” என்றும் சொல்கிறான். என் மனைவிக்கு வீட்டுக்குள் பாய்லர் என்றாலே பயம். இது நடக்கிற காரியமா? எந்த அளவு எடுப்பது? நிலக்கரி போட்டு ஓட்ட முடியுமா? மீட்டர் கேஜில் ஓடிய நம் ஒய்.பி. எஞ்சின் மாதிரி ஒன்று அமைந்தால் பிறவிப் பயன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)
திருச்சி

*

அன்புள்ள ஐயா,

நடக்கிற காரியம்தான். ஆனால் ஒய்.பி.யை மறந்துவிட வேண்டும், நிலக்கரியையும். அப்புறம், மாடல் ரயில் என்றதும் மனதில் வருகிற ஸ்டேஷன், சிக்னல், குகை, மலை, நாலைந்து லைன் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். சின்ன அறைக்குள் நீராவி ஓட்டுபவருக்கு வாய்ப்பது ஒரு எஞ்சின், ஒரு வட்டம், நாலு பெட்டி. அது போதாது என்று தோன்றினால் மகன் சொல்கிறபடி கரண்டு ரயிலையே வாங்கிவிடுங்கள். அதிலும் தப்பில்லை.

அளவைச் சொல்கிறேன். நீராவியில் ஓடுகிறவை பெரும்பாலும் இரண்டு தண்டவாள அகலங்களில் கிடைக்கின்றன: 45 மி.மீ., 32 மி.மீ. 45இல் ‘கேஜ் 1’ என்ற வகையில், 1க்கு 32 என்ற விகிதத்தில், பெரிய மெயின் லைன் எஞ்சின்களைச் செய்கிறார்கள். ஜப்பானின் ஆஸ்டர் கம்பெனி 1975இல் தொடங்கிச் செய்தவை இதில் பேர்போனவை. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் அவற்றில் பெரியவை திரும்ப 3 மீட்டர் ஆரம் வேண்டும். உங்கள் அறையின் அகலமே 3.35 மீட்டர்தான். இன்னொரு கோடியில், 2003இல் ஹார்ன்பி கம்பெனி 16.5 மி.மீ. பாதைக்கு ‘மல்லார்ட்’ எஞ்சினை நீராவியில் கொண்டுவந்தது. டெண்டருக்குள், அதாவது எஞ்சினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி, தண்ணீர் வண்டிக்குள், மின்சார ஹீட்டர், அதற்குத் தண்டவாளம் வழியாகக் கரண்டு. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. தீ இல்லாத நீராவி எஞ்சின் உங்களுக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன்.

உங்கள் அறைக்கு 32 மி.மீ. பாதைதான் சரி. ஓர் அடிக்கு 16 மி.மீ. என்ற கணக்கில், அதாவது சுமார் 1க்கு 19 விகிதத்தில், 2 அடி அகலக் குறும்பாதை எஞ்சின்கள் இதில் வருகின்றன. வேல்ஸில் கற்பலகைக் குவாரிகளில் ஓடிய நாலு சக்கர எஞ்சின்கள்தான் இந்த வகைக்குத் தாய்வீடு. குவாரி மேடைகளில் ஒடுக்கமான இடத்தில் திரும்புவதற்காகவே குட்டையாகக் கட்டப்பட்டவை. அதனால்தான் அறைக்குள்ளும் திரும்புகின்றன. நம் நாட்டு எஞ்சின்தான் வேண்டும் என்றால் டார்ஜிலிங்கின் பி கிளாஸ் இருக்கிறது. 1889இல் ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனி கட்டத் தொடங்கிய நாலு சக்கர எஞ்சின் அது. அதே 2 அடிப் பாதை. அந்தப் பாதையின் மிக நெருக்கமான வளைவு அகனி பாயின்ட்டில் இருக்கிறது, ஆரம் சுமார் 18 மீட்டர். 19ஆல் வகுத்தால் 95 செ.மீ. உங்கள் அறையில் 1.2 மீட்டர் ஆரத்துக்கே இடம் இருக்கிறது. டார்ஜிலிங்காரர்களைவிடத் தாராளமாகத் திரும்பலாம்.

ஒய்.பி. விஷயத்தில் உங்களைச் சீண்டிப் பார்க்கிற கணக்கு ஒன்று உண்டு. மீட்டர் கேஜின் 1000 மி.மீ. அகலத்தை 32ஆல் வகுத்தால் 31¼ மி.மீ. வரும். ஆக இதே 32 மி.மீ. தண்டவாளத்தில் 1க்கு 32 விகிதத்தில் ஒய்.பி. கச்சிதமாக உட்காரும். உட்காரும், ஆனால் ஓடாது. முன்னால் நாலு சின்னச் சக்கரம் கொண்ட போகி, நடுவே மூன்று ஜோடிப் பெரிய சக்கரம், பின்னால் ஒரு ஜோடி, அப்புறம் டெண்டர் என்று அரை மீட்டருக்கு மேல் நீளும் வண்டி, 1.2 மீட்டர் வளைவில் சுற்றிக்கொண்டே இருப்பது நடக்காது. லேத் இருந்தால் ஓய்வாக ஒன்றைச் செய்து அலமாரியில் நிறுத்துங்கள்.

நிலக்கரி பற்றி 1920களில் இங்கிலாந்தில் ‘மாடல் இன்ஜினியர்’ பத்திரிகையில் பெரிய சண்டையே நடந்தது. ஹென்றி கிரீன்லி போன்றவர்கள், சின்ன எஞ்சினுக்கு ஸ்பிரிட் விளக்குதான் சரி என்ற கட்சி. ‘எல்.பி.எஸ்.சி.’ என்ற புனைபெயரில் எழுதியவர் விடவில்லை. நிஜ எஞ்சினில் இருப்பது போல உள்ளே குழாய்கள் ஓடும் பாய்லரில் நிலக்கரி எரித்து, இரண்டரை அங்குலப் பாதையில் ஓடுகிற எஞ்சின் ஓர் ஆளையே இழுத்துப் போகும் என்று செய்து காட்டினார். நீங்கள் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் அவர் பக்கம்தான் நின்றிருப்பீர்கள், நானும்தான். ஆனால் அதெல்லாம் திறந்த வெளிக்கு. மாடி அறையில் நிலக்கரிப் புகை இருந்தால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது. ஸ்பிரிட்டும் வேண்டாம்: பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது, தளும்பினால் தீ பலகையில் ஓடும், நம்மூரில் அதை வாங்குவதற்குக் கலால் கெடுபிடியும் உண்டு. கட்டி எரிபொருள் மாத்திரைகளின் நெடி மூடிய அறையில் தாங்காது. மிஞ்சுவது பியூட்டேன் கேஸ். நல்ல கம்பெனி எஞ்சின்களில் பெரும்பாலானவை அதில்தான் ஓடுகின்றன.

ஓட்டுவது எப்படி என்று சொல்கிறேன். நீங்கள் பார்த்துப் பழகியதுதான் எல்லாம், ஆனால் பழகிய மாதிரியே நடந்துகொள்ளாது.

முதலில் எண்ணெய். டிரைவர் நிற்கிற கேபுக்குள் விரல் நுனி அளவில் ஒரு லூப்ரிகேட்டர் இருக்கும். அதில் பம்ப் கிடையாது, நகரும் பாகம் ஒன்றும் கிடையாது. நீராவிக் குழாயில் ஊசித்துளை போட்டு அதோடு இணைத்திருப்பார்கள். துளை வழியாக வரும் நீராவி உள்ளே குளிர்ந்து தண்ணீராகிறது, தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய்த் தங்குகிறது, அந்த அளவுக்கு எண்ணெய் மேலேறி நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குப் போகிறது. ஓட்டம் முடிந்து அடித் திருகைத் தளர்த்தினால் வெறும் தண்ணீர் வரும். எண்ணெய் போயிருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அந்தத் தண்ணீரை வடித்து மறுபடியும் கெட்டியான ஸ்டீம் ஆயிலை நிரப்ப வேண்டும். மோட்டார் சைக்கிள் ஆயில் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இந்தச் சூட்டில், ஈரத்தில், அது நிற்காது.

அடுத்து தண்ணீர், சிரிஞ்சால். திருச்சித் தண்ணீர் எப்படி என்று உங்கள் வீட்டு கெட்டிலின் அடியே சொல்லும். காய்ச்சி வடித்த நீர், இல்லாவிட்டால் சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீர். பிறகு கேஸ். வால்வை லேசாகத் திறந்து புகைபோக்கியின் வாயில் தீயைக் காட்டினால், சுடர் ‘டப்’ என்று உள்ளே ஓடி, பாய்லர் நடுவே போகும் குழாயில் பர்னரின் வாயில் போய் உட்கார்ந்து உறுமும். சில நிமிடம் பொறுத்தால் அழுத்தம் காட்டும் கேஜின் முள் அசையும்.

முள் ஏறியதும், சிலிண்டருக்கு நீராவியை விடும் ரெகுலேட்டரைத் திறந்து எஞ்சினை விட்டுவிடக் கூடாது. நீளத்தை 19இல் ஒன்றாகக் குறைத்தால் பாய்லரின் மேற்பரப்பு 361இல் ஒன்றாகிறது, உள்ளிருக்கும் தண்ணீரோ 6859இல் ஒன்றாகிவிடுகிறது. பெரிய எஞ்சினோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீருக்கும் சூட்டை இழக்கிற தோல் 19 மடங்கு. சிலிண்டருக்கும் அதே கதி. முதலில் உள்ளே போகிற நீராவியெல்லாம் போன வேகத்தில் தண்ணீராகிப் பிஸ்டனை அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால் ரெகுலேட்டரைக் கொஞ்சம் திறந்து, எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் தள்ள வேண்டும். புகைபோக்கி எண்ணெயும் வெந்நீருமாகத் துப்பும். மேலே காட்டன் வேஸ்ட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், முகத்தைக் குனிந்து வைக்காதீர்கள். துப்பல் குறைந்து வெறும் ஆவி வரத் தொடங்கும்போது, தள்ளிக்கொண்டிருந்த கை சட்டென்று வேலையற்றுப்போகும். எஞ்சின் தானாக நகர்ந்துவிட்டிருக்கும்.

மகன் சொல்கிற கரண்டு எஞ்சினில் இது எதுவும் இல்லை. புகை இருக்கிறது, சத்தம் இருக்கிறது, ஆனால் பின்னால் எத்தனை பெட்டி கோத்திருக்கிறது என்பது பற்றி அந்தச் சத்தத்துக்குக் கவலை இல்லை. நீராவி எஞ்சினுக்கு அந்தக் கவலை மட்டும்தான். தனியாக விட்டால் தறிகெட்டு ஓடி வளைவில் கவிழும். நாலு கனமான பெட்டி கோத்தால் அடங்கி நடக்கும். பெட்டிகளின் இழுப்புதான் அதன் வேகத்தை அடக்கும் கவர்னர். அதனால் பெட்டிகளை நீங்களே செய்யுங்கள், கனமாகச் செய்யுங்கள்.

இதே காரணத்தால் மேஜை மட்டமாக இருந்தே தீர வேண்டும். 100க்கு 1 சரிவு கண்ணுக்கே தெரியாது, எஞ்சினுக்குத் தெரியும். இறக்கத்தில் பாயும், ஏற்றத்தில் மூச்சு வாங்கி நிற்கும். தோட்டத்தில் ஓட்டுபவர்கள் இதற்காக ரேடியோ கன்ட்ரோல் வைத்து ரெகுலேட்டரை நொடிக்கு நொடி திருத்துகிறார்கள். ரசமட்டம் வைத்துப் பலகையைச் சரியாகப் போட்டுவிட்டால் உங்களுக்கு அது தேவையில்லை. 1.2 மீட்டர் ஆரத்தில் ஒரு சுற்று ஏழரை மீட்டர். குறும்பாதை வண்டி மணிக்கு 24 கி.மீ. போவதாகக் கொண்டால், 19இல் ஒரு பங்கு வேகத்தில் சுற்றுக்கு 21, 22 விநாடி ஆகும். அந்த நிதானம்தான் பார்க்க நன்றாக இருக்கும். இருபது நிமிடம் ஓடினால் 420 மீட்டர். எஞ்சினின் கணக்கில் 8 கி.மீ.

நீங்கள் வட்டத்துக்கு உள்ளே நின்றுதான் ஓட்ட வேண்டியிருக்கும், குனிந்து நுழைகிற வயதும் இல்லை. ஆகவே பாதையில் தூக்கி எடுக்கும் பாலம் ஒன்று வேண்டும். இங்கே கரண்டு ரயில்காரர்களின் யோசனையைக் கேட்காதீர்கள். அவர்கள் பாலத்தைத் தூக்கினால் அந்தப் பகுதிக்குக் கரண்டு நின்றுவிடுகிற மாதிரி வயர் இழுத்திருப்பார்கள். நீராவி எஞ்சின் அதற்கெல்லாம் நிற்காது, நேராகத் தரையில் விழும். பாலத்தைத் தூக்கினால் இரண்டு பக்கமும் தண்டவாளத்தின் குறுக்கே கட்டை விழுகிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்யுங்கள். பொன்மலைக்காரருக்கு அது ஒரு நாள் வேலை. பலகைக்கு மேலே சிமென்ட் ஷீட் போடுங்கள். தெர்மோகோல் மலை, பஞ்சு மரம், காய்ந்த பாசி, ஒன்றும் வேண்டாம். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் சுண்ணாம்பில் எண்ணெய்க் கோடு விழும்.

உங்கள் மனைவியின் பயத்துக்கு வருகிறேன். இந்த பாய்லரில் அதிகம் போனால் ஒரு டம்ளர் தண்ணீர், சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தம், ‘பார்’ என்ற அழுத்த அளவில் சொன்னால் சுமார் 2.75. அழுத்தத்தையும் கொள்ளளவையும் பெருக்கினால் அரை பார்-லிட்டர் அளவில் வரும். இங்கிலாந்தில் 3 பார்-லிட்டருக்குள் அடங்குவதைச் சின்ன பாய்லர் என்று தனியாகவே பிரித்துவைத்திருக்கிறார்கள். அடுப்படியில் விசிலடிக்கிற 5 லிட்டர் குக்கருக்கு இதே கணக்கைப் போட்டால் 5 வரும். அதை அவரிடம் சொல்லுங்கள். தண்ணீர் தீர்வதற்கு முன்பே கேஸ் தீர்ந்துவிடுகிற மாதிரிதான் டாங்கின் அளவை வைத்திருப்பார்கள். ஆனால் பாய்லரை மட்டும் முதல் முறையே நீங்கள் செய்ய வேண்டாம். செம்புத் தகட்டை வெள்ளிப்பற்று வைத்து ஒட்டி, ஓடும் அழுத்தத்தைப்போல இரண்டு மடங்குக்குத் தண்ணீர்ச் சோதனை செய்த பாய்லராக வாங்குங்கள். பாய்லர் தயாராக வந்து, மற்றதை நாம் கோர்த்துக்கொள்கிற கிட்டும் கிடைக்கிறது. உங்களுக்கு அதுதான் தோது.

நிஜமாகப் பயப்பட வேண்டியது கேஸுக்குத்தான். நிரப்பும்போது கொஞ்சம் வெளியே சீறும், காற்றைவிடக் கனமானதால் தரையில் தங்கும். அறைக்குள் நிரப்பவே கூடாது. மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பக்கத்தில் விளக்கோ ஊதுவத்தியோ இல்லாமல் நிரப்புங்கள். ஓட்டும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், சீலிங் ஃபேன் வேண்டாம், சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். கார்பன் மோனாக்சைடு வந்தால் கத்துகிற சின்னக் கருவி ஒன்றையும் மாட்டிவிடுங்கள். பேரப்பிள்ளைகள் வந்தால் வட்டத்துக்கு வெளியேதான். வெந்நீர் துப்பும் என்பதைத் தாத்தாவின் சட்டையைக் காட்டியே புரியவைக்கலாம்.

மகனிடம் எஞ்சினோடு ஸ்டீம் ஆயில் ஒரு பாட்டில், உபரி வாஷர், கேஸ் ஜெட் ஒன்றிரண்டு கேளுங்கள். ஜெட் துளை அடைத்துக்கொண்டால் ஊசி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும், மாற்றத்தான் வேண்டும். கேஸ் கேனை அவர் கொண்டுவர முடியாது, விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கையடக்க ஸ்டவ்வுக்கு விற்கிற பியூட்டேன் கேன் இங்கேயே கிடைக்கும். அதன் வாய் எஞ்சினின் நிரப்பு வால்வோடு பொருந்த ஒரு அடாப்டர் வேண்டியிருக்கும். அதை வேண்டுமானால் நீங்களே லேத்தில் கடைந்துகொள்ளுங்கள்.

அன்புடன்