கேட்டதெல்லாம் எங்கே போகிறது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சில வருடங்களாக நிறைய பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் வரும் பேச்சு நிகழ்ச்சிகள், கேட்கிறேன். நடை, சமையல், பாத்திரம் கழுவுவது, வண்டி ஓட்டுவது என்று எதைச் செய்தாலும் காதில் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறேன், சில சமயம் இரண்டு மடங்கிலும். ஆனால் நேற்று கேட்ட ஒரு மணி நேர உரையாடலில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் இரண்டு வரி சொல்ல வருவதில்லை. பேசியவரின் சிரிப்பும் அவர் இழுத்துப் பேசும் விதமும் மட்டும் நன்றாக நினைவிருக்கின்றன. புத்தகம் வாசிப்பது மிகவும் குறைந்துவிட்டது. கேட்பதும் வாசிப்பதும் ஒன்றுதான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா? இது பழைய வானொலிதானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்கிறார் என் கணவர்.

க.

அன்புள்ள க.,

பேசியவரின் சிரிப்பு நினைவிருக்கிறது, பேசிய விஷயம் நினைவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். பாட்காஸ்ட் நம் மனதில் முதலில் பதிப்பது ஆளை. விஷயம் அதற்குப் பின்னால்தான் வருகிறது, பல சமயம் வருவதே இல்லை.

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதில் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஒரு தளத்தில் புதிதாக எதுவும் வந்தால் தானாகத் தெரிவிக்கும் ஆர்.எஸ்.எஸ். என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. அதில் ஒலிக்கோப்பையும் சேர்த்து அனுப்ப 2000ஆம் ஆண்டின் இறுதிவாக்கில் டேவ் வைனர் என்ற மென்பொருளாளர் வழிசெய்தார். பாட்காஸ்ட் என்ற பெயர் 2004 பிப்ரவரியில் பிரிட்டனின் கார்டியன் இதழில் பத்திரிகையாளர் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் வந்தது. 2005 ஜூனில் ஆப்பிள் இதைப் பாட்டு கேட்கும் தன் மென்பொருளான ஐடியூன்ஸில் சேர்த்த பிறகு பரவலானது. ஆனால் வானொலியில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் போட்டி உண்டு; பேசுபவர் சுருக்கிக்கொண்டு வந்தாக வேண்டும். பாட்காஸ்ட்டில் கடிகாரம் இல்லை. மூன்று மணி நேரம் பேசலாம், தடம் மாறலாம், யோசித்துக்கொண்டே பேசலாம். இந்தச் சுதந்திரம் தங்களுக்கு ஆகாது என்பதை அத்தியாயத்துக்கு அத்தியாயம் நிரூபிப்பவர்களும் இருக்கிறார்கள். சரி, அது வேறு சண்டை.

பெரிய வித்தியாசம் இயர்போன். ஸ்பீக்கரில் கேட்கும் குரல் அறையில் ஏதோ ஓரிடத்திலிருந்து வருவதாகத் தெரியும். இயர்போனில் அதே குரல் தலைக்குள்ளேயே ஒலிப்பதுபோல இருக்கும். அவ்வளவு நெருக்கத்தில் நம்மிடம் பேசுகிறவர்கள் வாழ்க்கையில் மிகச் சிலர்தான். முன்பின் தெரியாத ஒருவர் வாரம் இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்து பேசினால், மனம் அவரைத் தெரிந்தவர் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. அவருக்கோ நாம் இருப்பதே தெரியாது. இந்த ஒருவழிப் பழக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1956லேயே எழுதிவிட்டார்கள், வானொலியையும் தொலைக்காட்சியையும் வைத்து. விளம்பரதாரர்களுக்கும் இது தெரியும். பல நிகழ்ச்சிகளில் விளம்பரத்தைத் தொகுப்பாளரே தன் குரலில், பேச்சோடு பேச்சாகச் சொல்வதற்குக் காரணம் வேறென்ன?

எனவே உங்கள் நினைவாற்றலில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் ஒரு மனிதரோடு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நண்பரோடு பேசிவிட்டு வந்தால் பேசியதை யாரும் ஒப்பிப்பதில்லை, நல்ல பொழுது என்று மட்டும் நினைப்போம். பொழுதுபோக்குக்காகக் கேட்பதென்றால் இது போதும், குற்றவுணர்ச்சி வேண்டாம்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், இந்தப் பழக்கம் அறிவு என்ற வேடத்தில் வரும்போது. மருத்துவம், முதலீடு, வரலாறு என்று ஒருவர் ஒரு மணி நேரம் தயக்கமில்லாமல் பேசுகிறார். கேட்டு முடித்ததும் அந்தத் துறை நமக்குப் பிடிபட்டுவிட்டதுபோல ஓர் உணர்வு. ஆதாரமாக அவர் எதைச் சொன்னார் என்று கேட்டால் பதில் இல்லை, அவர் மேல் உள்ள நம்பிக்கைதான் மிஞ்சியிருக்கிறது. நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். பாட்காஸ்ட்டில் மட்டும் கேட்ட எதையும், தேடி வாசித்துப் பார்க்காமல் இன்னொருவருக்குச் சொல்வதில்லை. பேச்சில் என் பங்கு கணிசமாகக் குறைந்துவிட்டது, வீட்டில் யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

வாசிப்பும் கேட்பதும் ஒன்றா என்று கேட்டிருந்தீர்கள். கதை என்றால் ஏறக்குறைய ஒன்றுதான். மனிதர்கள், சம்பவங்கள், அடுத்து என்ன என்ற இழுப்பு இருந்தால் காது தாக்குப்பிடிக்கும். அடர்த்தியான விஷயம் என்றால் இல்லை. டேனியல், வூடி என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பாடத்தை மாணவர்களில் ஒரு பகுதியினர் கட்டுரையாக வாசித்தார்கள், மற்றவர்கள் பாட்காஸ்ட்டாகக் கேட்டார்கள். பிறகு வைத்த தேர்வில் வாசித்தவர்கள் 81 சதவீதம், கேட்டவர்கள் 59 சதவீதம். இதற்கு எனக்குத் தெரியும் காரணங்களில் முக்கியமானது, திரும்பிப் போவது. வாசிக்கும்போது நம் கண்ணின் நகர்வுகளில் 10 முதல் 15 சதவீதம் பின்னோக்கிப் போகின்றன, நாம் அறியாமலே. புரியாத சொல்லுக்கு, கோத்துப் பார்க்க வேண்டிய வரிக்குக் கண் தானாகத் திரும்புகிறது. காதுக்கு அந்த வசதி கிடையாது. ஆப்பில் 15 விநாடி பின்னால் போகும் பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். ஈரக்கையோடு அதை எத்தனை தடவை அழுத்தியிருக்கிறீர்கள்?

வேகத்தைப் பற்றியும் இதையே சொல்வேன். 2021இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் செய்த ஆய்வில், வகுப்பு வீடியோக்களை இரண்டு மடங்கு வேகம் வரை ஓட்டியும் புரிதல் பெரிதாகக் குறையவில்லை. வேகமாகக் கேட்பவர்களுக்கு இது இனிப்பான செய்திதான். ஆனால் அந்த மாணவர்கள் உட்கார்ந்து அதை மட்டும் பார்த்தார்கள், குழம்பு கொதிக்கிறதா என்று எட்டிப் பார்க்கவில்லை. வேகத்தில் முதலில் அடிபடுவது இடைவெளிகள். பேச்சில் யோசிக்க நமக்குக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். செய்தித் தொகுப்பை வேகமாக ஓட்டுங்கள், பாதகமில்லை. ஒருவர் தயங்கித் தயங்கித் தன் வாழ்க்கையைச் சொல்லும்போது இரண்டு மடங்கில் வைப்பது, எனக்கென்னவோ மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது.

யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்பது தயாரிப்பவர்களுக்கே சரியாகத் தெரியாது, இது இன்னொரு வேடிக்கை. அவர்கள் பெருமையாகச் சொல்லும் எண் பெரும்பாலும் டவுன்லோட் கணக்கு. 2023இல் ஐபோனின் இயங்குதளமான ஐ.ஓ.எஸ். 17 வந்தபோது, கேட்காமல் விட்ட அத்தியாயங்களைத் தானாக இறக்கிக்கொண்டே இருக்கும் பழக்கத்தை ஆப்பிள் குறைத்தது. பல நிகழ்ச்சிகளின் டவுன்லோட் எண்ணிக்கை இறங்கியது. எத்தனையோ அத்தியாயங்கள் யார் காதிலும் விழாமல் போனில் தூங்கிக்கொண்டிருந்திருக்கின்றன.

கடைசியாக, எந்த வேலையோடு எதைக் கேட்பது. நடை, துணி மடிப்பது, பாத்திரம் கழுவுவது போன்றவை கைக்கான வேலை. மொழி சும்மா இருக்கும், அதனால் கேட்கலாம். மின்னஞ்சல் எழுதிக்கொண்டே கேட்பது நடக்காத காரியம், இரண்டுக்கும் தேவைப்படுவது ஒரே மொழி. வண்டி ஓட்டுவதில் பழகிய சாலை வேறு, புது ஊரின் நெரிசல் வேறு. நெரிசலில் நிறுத்திவிடுங்கள். விட்ட இடத்திலிருந்து அப்புறம் தொடரலாம், அந்த ஒரு விஷயத்தில் வானொலியை விட இது நிச்சயம் மேல் என்று உங்கள் கணவரிடம் சொல்லலாம்.