பணம் கட்டியாச்சே, இனி கேட்க முடியுமா?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். சேர்க்கும்போது 2,10,000 ரூபாய் ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் 3,46,000 ரூபாய்க்கு பில் வந்தது. 'பார்மசி 88,000', 'இம்பிளான்ட் 92,000' என்று எல்லாம் ஒற்றை வரிகள். விவரம் கேட்டால், "சிஸ்டத்துல இப்படித்தான் வரும்" என்றார்கள். பணம் கட்டி ரசீதைக் காட்டிய பிறகுதான் அம்மா கையில் மருந்து ஏற்றக் குத்தியிருந்த வென்ஃப்ளான் ஊசியையே கழற்றினார்கள். மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டினேன். கட்டிவிட்டால் பிறகு எதுவும் கேட்க முடியாது என்கிறார் அண்ணன். உண்மையா?
(வாசகர், திருச்சி)

பதில்: உண்மையில்லை. நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்ற நெருக்கடியில் நீங்கள் பணம் கட்டினீர்கள். அதனால் பில்லில் உள்ள ஒவ்வொரு வரியையும் ஏற்றுக்கொண்டீர்கள் என்று ஆகாது. கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில், இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. வழக்குப் போட உங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

ஆனால் வழக்கு கடைசிப் படி. இப்போது உங்களுக்கு வேண்டியது காகிதங்கள். மருத்துவமனையின் மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் பெயருக்கு ஒரு மனு எழுதுங்கள். வரிவாரியான பில், சிகிச்சை விவரமெல்லாம் எழுதிய கேஸ் ஷீட்டின் முழு நகல், செயற்கை மூட்டு வந்த பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் நகல், இந்த மூன்றையும் கேளுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள்.

ஸ்டிக்கரை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பில்லில் எனக்கு முதலில் உறுத்திய வரி அந்த 92,000தான். செயற்கை மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவிலை வைத்தது. அதுவரை சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விலை போட்டு விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வைத்த உச்சவிலை 54,720 ரூபாய். டைட்டானியம் போன்ற சிறப்பு உலோக வகைக்கு 76,600. ஜிஎஸ்டி தனி. அம்மாவுக்கு வைத்தது எந்த வகை, அறுவை சிகிச்சை நடந்த தேதியில் அதன் உச்சவிலை என்ன என்பதை ஸ்டிக்கரையும் ஆணையத்தின் இணையதளத்தையும் வைத்து ஒப்பிடுங்கள். பில்லில் மூட்டைத் தனியாகக் காட்டி, பிராண்டு, தயாரிப்பாளர், பேட்ச் எண் எல்லாம் எழுத வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு. 'இம்பிளான்ட்' என்று ஒரு சொல்லும் ஒரு தொகையும் போட்டால் போதாது. விலை கூடுதலாக வாங்கியிருந்தால் 1800 111 255 என்ற அந்த ஆணையத்தின் எண்ணில் புகார் செய்யலாம்.

அடுத்து அந்த 88,000. வரிவாரியான பார்மசி பில் வந்ததும் கேஸ் ஷீட்டில் இருக்கும் மருந்து சார்ட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எந்த மருந்தை எத்தனை மணிக்குப் போட்டோம் என்று செவிலியர் கையெழுத்திடும் தாள் அது. பில்லில் பன்னிரண்டு ஊசி, சார்ட்டில் எட்டு என்றால் மிச்சம் நான்கு எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. என் அப்பா படுத்திருந்தபோது நான் அப்படித்தான் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து டிக் போட்டேன். வார்டுக்கு வாங்கி, உடைக்காமலே பார்மசிக்குத் திரும்பிப் போன ஆறு ஊசிகள் பில்லில் அப்படியே நின்றன. ரிட்டர்ன் போட மறந்துவிட்டார்கள் என்று மன்னிப்புக் கேட்டுக் கழித்தார்கள். மறதியாகவே இருக்கட்டும். டிக் போட ஆளில்லாத குடும்பம் அந்த மறதிக்குப் பணம் கட்டிவிட்டுத்தானே போயிருக்கும் என்ற நினைப்பு இன்றுவரை என்னை விடவில்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் விலை உங்களைத் திகைக்க வைக்கலாம். மருந்து அட்டையில் அச்சிட்ட எம்ஆர்பிக்கு விற்பது சட்டப்படி குற்றமல்ல. கோளாறு அந்த எம்ஆர்பியிலேயே இருக்கிறது. மருத்துவமனை மொத்தமாகக் குறைந்த விலையில் வாங்குகிறது. அட்டையில் உள்ள விலையோ பல மடங்கு. டெல்லி வட்டாரத்தில் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களை அதே ஆணையம் 2018இல் ஆராய்ந்தபோது, சில பொருள்களில் லாபம் 1,737 விழுக்காடு வரை போயிருந்தது. சிரிஞ்சு, டிரிப் செட் போன்ற சின்னச் சின்னச் சாமான்கள்தான் இப்படி ஏறுகின்றன. நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் சிரிஞ்சுக்குப் பேரம் பேச மாட்டார்கள் என்பது விற்பவருக்குத் தெரியும்.

மருத்துவமனைக்குள் இருக்கும் பார்மசியில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்த பொதுநல வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மார்ச்சில் நீதிமன்றம் தானாகத் தடை எதுவும் போடாமல், மாநில அரசுகளே கொள்கை வகுக்கட்டும் என்று விட்டுவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். அரசு நினைத்தால் விலை வைக்க முடியும் என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2020 ஜூனில், கொரோனா நேரத்தில், தனியார் மருத்துவமனை ஐசியூவுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய் என்று தமிழ்நாடு அரசே உத்தரவு போட்டது.

எஸ்டிமேட்டைத் தாண்டியது மட்டும் குற்றமாகாது. தாண்டப் போகிறது என்று முன்கூட்டியே சொன்னார்களா, காரணம் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்களா என்பதுதான் கேள்வி. வென்ஃப்ளான் விஷயம் வேறு வகை. பில் தகராறைக் காரணம் காட்டி நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக் கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனம் சொல்கிறது. டிஸ்சார்ஜ் அன்று நடந்ததை மணிவாரியாக இன்றே எழுதி வையுங்கள். பத்து நாளில் பாதி மறந்துபோகும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம். சேவைக்காகக் கட்டிய பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

கேள்வி: எனக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு. அறை வாடகைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு. அந்த அறை காலியில்லை என்று 8,000 ரூபாய் அறை கொடுத்தார்கள். பில் 2,40,000. கம்பெனி 1,50,000 மட்டும் கொடுத்தது. வாடகை வித்தியாசம் நான்கு நாளைக்கு 12,000தானே, 90,000 எப்படிப் பிடிக்கலாம்?
(வாசகர், ஈரோடு)

பதில்: 8,000 ரூபாய் அறைக்கு 5,000தான் வரம்பு என்பதால், எட்டில் ஐந்து பங்கு என்ற கணக்கைப் பில் முழுவதற்கும் போட்டிருக்கிறார்கள். விகிதக் கழிவு என்பார்கள். பெரிய அறை எடுத்தால் டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாமே கூடும் மருத்துவமனைகளில் இந்தக் கழிவுக்கு இடம் உண்டு. உங்கள் பாலிசியில் அந்த விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் மருந்து, உடலுக்குள் வைக்கும் கருவி, பரிசோதனை ஆகியவற்றின் செலவில் கழிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இலேயே சொல்லிவிட்டது. ஐசியூ கட்டணத்திலும் கழிக்கக் கூடாது.

நீங்கள் அனுப்பிய பில்லை வைத்துக் கணக்குப் போட்டேன். வாடகை 32,000, டாக்டர், தியேட்டர், செவிலியர் கட்டணம் 88,000, மருந்தும் பரிசோதனையும் 1,20,000. முதல் இரண்டுக்கும் எட்டில் ஐந்து என்றால் 75,000. மூன்றாவது முழுசாக 1,20,000. ஆகக் கம்பெனி தர வேண்டியது 1,95,000. உங்களுக்கு 45,000 பாக்கி. இந்தக் கணக்கை அப்படியே எழுதிக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். முப்பது நாளில் சரியான பதில் இல்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணம் இல்லை.

ஒதுக்கப்பட்ட அறை காலியில்லை என்று மருத்துவமனை சொன்னால் அதை எழுத்தில் வாங்குங்கள். காலியானதும் மாற்றித் தரும்படியும் அதிலேயே கேளுங்கள். இன்னொன்று: கேஷ்லெஸ் டிஸ்சார்ஜுக்குக் கம்பெனி மூன்று மணி நேரத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும் என்று 2024 மே மாதம் உத்தரவு வந்திருக்கிறது. அவர்கள் தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாக வாங்கினால் அந்தச் செலவு கம்பெனியைச் சேரும்.

கேள்வி: முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அண்ணிக்கு அறுவை சிகிச்சை. 'டிஃபரன்ஸ் அமௌன்ட்' என்று 15,000 கேட்கிறார்கள்.
(வாசகி, தேனி)

பதில்: அண்ணியின் சிகிச்சைக்குத் திட்ட ஒப்புதல் வந்திருந்தால் கொடுக்காதீர்கள். ஒப்புதலான சிகிச்சைக்கு நோயாளியிடம் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. உடனே 1800 425 3993க்குப் பேசுங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ரசீது தராமல் வாங்கியிருந்தால் யார், எந்தக் கவுன்டரில், எத்தனை மணிக்கு என்று குறித்துவைத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பாவை ஒன்பது நாள் ஐசியூவில் வைத்திருந்தார்கள். மாலையில் பத்து நிமிடம்தான் பார்க்க விடுவார்கள். தினம் ஒரு டியூட்டி டாக்டர். யாரைக் கேட்டாலும், "நேத்து இருந்தவர்தான் சொல்லணும்" என்பார்கள். வீட்டுக்கு வந்து துணி மாற்றும்போதுதான் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண் இருப்பதைப் பார்த்து அம்மா அலறிவிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாலு லட்சம் கட்டினோமே, இதுதானா கவனிப்பு?
(வாசகி, கோவில்பட்டி)

பதில்: அம்மா, மற்றதெல்லாம் பிறகு. இன்றே ஒரு சர்ஜனிடம் அப்பாவைக் காட்டுங்கள். படுக்கைப்புண் மேலே தெரிவதைவிட உள்ளே ஆழமாக இருக்கலாம். காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். கட்டுப் போடும் முன் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தானாகப் புரள முடியாத நோயாளியை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது செவிலியர் படிப்பின் ஆரம்பப் பாடம். இதைச் செய்யத் தேவை கைகள். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது முறை. மூன்று நான்கு பேரை ஒரே பெண்ணிடம் ஒப்படைத்தால் அவர் எந்தப் பக்கம் ஓடுவார்? அந்தச் செவிலியர் மேல் உங்களுக்குக் கோபம் வேண்டாம். ஆள் வைக்காத நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாக் கெட்ட முடிவும் அலட்சியம் ஆகாது. சராசரித் திறமையுள்ளவர் எடுத்திருக்க வேண்டிய கவனத்தை எடுத்தார்களா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. படுக்கைப்புண்ணும் சில நோயாளிகளுக்கு எவ்வளவு பார்த்தாலும் வந்துவிடுவது உண்டு. ஆனால் புரட்டினார்களா இல்லையா என்பதற்குக் காகிதச் சாட்சி இருக்கும். எந்த நேரம், எந்தப் பக்கம் படுக்க வைத்தோம் என்று ஐசியூவில் நர்சிங் சார்ட்டில் குறிப்பார்கள். அது காலியாக இருந்தாலும் சாட்சி. ஒன்பது நாளும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் ஒரே மூச்சில் நிரப்பியது போல இருந்தாலும் சாட்சி. பில்லில் 'ஏர் பெட்', அதாவது புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தைக்கு, வாடகை போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். போட்டிருந்தால், புண் வரக்கூடும் என்று அவர்களே எதிர்பார்த்திருக்கிறார்கள். பிறகு தினமும் பார்க்காமல் விட்டது ஏன்? இப்போது புண்ணைப் பார்க்கும் சர்ஜனிடம் அதன் அளவு, ஆழம், எத்தனை நாள் பழையது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

சார்ட்டுகளை உடனே கேளுங்கள். நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் சொல்கின்றன. "ரெக்கார்டு செக்ஷன்ல ஆள் இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். திரும்பி வராதீர்கள். அப்பாவின் கையெழுத்தோ கைநாட்டோ உள்ள ஒப்புதல் கடிதத்தை இணைத்து மனுவைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த 72 மணி நேரம் மனு கொடுத்த நிமிடத்திலிருந்து ஓடும். அதனால் உங்கள் நகலில் முத்திரை, தேதி, நேரம் மூன்றும் விழுந்த பிறகு கவுன்டரை விட்டு நகருங்கள்.